துப்பறியும் கதை வழியே இயற்பியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் பாடத்தைத் துப்பறியும் கதையாக நடத்துவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கணக்குகளுக்கு ஒரு கால்குலேட்டர் போதும்.

பாடத்தை நேராகவே நடத்தலாமே, கதை எதற்கு?

நேராக நடத்துவதில் குறையேதும் இல்லை. ஆனால் பாடநூல் கணக்குகளில் பெரும்பாலானவை ஒரே திசையில்தான் ஓடுகின்றன. வண்டியின் வேகத்தைக் கொடுத்து, எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று கேட்பார்கள். காரணம் கையில் இருக்கும். விளைவைக் கண்டுபிடிக்க வேண்டும். துப்பறிபவரின் நிலை நேர்மாறானது. விளைவு மட்டும் அவர் முன்னால் கிடக்கிறது: சாலையில் ஒரு டயர் தடம், சன்னலில் ஒரு விரிசல், ஆறிப்போன ஒரு காபி டம்ளர். அங்கிருந்து அவர் பின்னோக்கிப் போக வேண்டும். நட்சத்திரத்தின் நிறத்தை வைத்து அதன் வெப்பநிலையைச் சொல்பவரும், அதிர்வுப் பதிவுகளை வைத்து நிலநடுக்கத்தின் மையத்தைக் குறிப்பவரும் இதே வழியில்தான் போகிறார்கள். பள்ளியில் இந்தப் பயிற்சி மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முதன்மையானது. கதையில் விடை தவறினால் ஒருவர் மாட்டிக்கொள்வார், அல்லது ஒருவர் தப்பிவிடுவார். அதனால் "இதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?" என்ற கேள்வி வகுப்பில் தானாக எழுகிறது. அளவீட்டுப் பிழை என்ற பாடத்தை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறை நடத்திவிட்டு மறந்துவிடுகிறோம். துப்பறியும் கதையில் அது ஒவ்வொரு பக்கத்திலும் வந்து நிற்கும்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது நல்லது?

உராய்வு. தயக்கமில்லாமல் சொல்வேன். ஒரு விபத்து நடந்திருக்கிறது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கிய தடம் சாலையில் 20 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. ஓட்டுநர், "நாற்பதில்தான் வந்தேன்" என்கிறார். வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு தின்றுதீர்த்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், தொடக்க வேகத்தின் வர்க்கம் என்பது உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், தடத்தின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கலைப் போல இரு மடங்கு. காய்ந்த தார்ச்சாலைக்குக் குணகம் 0.7 என்று வைத்தால் வேகம் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஓட்டுநர் சொன்னது பொய்.

உடனே ஒரு மாணவி கையைத் தூக்குவாள்: "அன்று மழை பெய்திருந்தால்?" ஈரச் சாலைக்கு 0.4 என்று வைத்தால் விடை 45 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஓட்டுநர் ஏறக்குறைய உண்மையே சொல்லியிருக்கிறார். எனவே கதையில் அன்றைய வானிலைதான் சாட்சி. விபத்து நடந்த நேரத்தில் சாலை ஈரமாக இருந்ததா என்பதை டீக்கடைக்காரரின் பேச்சிலோ, மாடியில் காய்ந்த துணியிலோ நீங்கள் ஒளித்துவைக்கலாம்.

இதே கணக்கில் இன்னொரு புதையல் இருக்கிறது. சூத்திரத்தில் நிறை வரவே இல்லை. லாரிக்காரர், "பாரம் நிறைய ஏற்றியிருந்தேன், அதனால்தான் தடம் இவ்வளவு நீளம்" என்று சொன்னால் கேட்க நியாயமாகவே இருக்கும். வகுப்பில் பாதிப்பேர் அதை நம்புவார்கள். நிறை கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் கூடுகிறது, நிறுத்தும் உராய்வு விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. முதல் தோராயத்தில் தடத்தின் நீளம் மாறாது. நிறை நீங்கிப்போவதைக் கரும்பலகையில் பலமுறை காட்டியும் பதியாத மாணவர்களுக்கு, அந்த லாரிக்காரரின் சாக்கு உடைபடும்போது பதிந்துவிடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு உள்ள புதிய வண்டிகளில் இப்படித் தெளிவான தடம் விழாமல் போகலாம். ஆகவே கதையில் பழைய வண்டியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பாடநூலிலேயே கொலைக் கணக்கு இருக்கிறதே, அது போதாதா?

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில், வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் வரும் கணக்கைச் சொல்கிறீர்கள். துப்பறிவாளர் இரவு 8 மணிக்கு உடலைக் காண்கிறார். உடலின் வெப்பநிலை 70 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு மணி நேரம் கழித்து 60. அறை 50. உயிரோடிருந்தபோது 98.6. கொலை எப்போது நடந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. மடக்கை இல்லாமலே இதன் உள்ளே புகுந்துவிடலாம். உடலுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு இரண்டு மணி நேரத்தில் 20இலிருந்து 10ஆகப் பாதியாகியிருக்கிறது. நியூட்டனின் குளிர்வு விதிப்படி எந்த இரண்டு மணி நேரத்திலும் அது பாதியாகும். அப்படியென்றால் மாலை 6 மணிக்கு வேறுபாடு 40. இறந்த கணத்தில் 48.6. ஆகவே 6 மணிக்குச் சற்று முன். கணக்கிட்டால் 5 மணி 26 நிமிடம்.

கணிதப் பயிற்சியாக இது முழுமையானது. துப்பறியும் கதையாகப் பார்த்தால் மாணவர்கள் இதைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 10 டிகிரி செல்சியஸ். மதுரையில் எந்த வீட்டு அறை 10 டிகிரியில் இருக்கிறது? அடுத்து, இந்த உடல் இரண்டரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 16 டிகிரி செல்சியஸ் இழந்திருக்கிறது. உண்மையில் காற்றில் கிடக்கும் மனித உடல் மணிக்கு ஒரு டிகிரி அளவில்தான் குளிரும். இறந்த உடனே சிறிது நேரம் உடலின் உட்பகுதி வெப்பநிலை அவ்வளவாக இறங்குவதே இல்லை. எனவே கணக்கில் சொன்ன நேரத்தில் கொலை நடந்திருக்க முடியாது, அல்லது அந்த வெப்பமானியை யாரோ தவறாகப் படித்திருக்கிறார்கள். இந்த இடத்தில் மாணவர்களை விட்டுவிடுங்கள். வகுப்பு சூடுபிடிக்கும்.

நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கை மாற்றினால் என்ன ஆகும்?

இதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் அந்தக் கணக்கின் உண்மையான பாடம் இங்கேதான் இருக்கிறது.

அறை 31 டிகிரி செல்சியஸ் என்று வையுங்கள். இரவு 8 மணிக்கு உடல் 34.0, 9 மணிக்கு 33.5. இறக்கும்போது 37. வேறுபாடு 3இலிருந்து 2.5ஆக ஒரு மணி நேரத்தில் குறைந்திருக்கிறது. தொடக்கத்தில் அது 6. பின்னோக்கிக் கணக்கிட்டால் 3.8 மணி நேரம், அதாவது மாலை 4 மணி 12 நிமிடம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தவர் மருமகன். அவரைக் கைது செய்துவிடலாமா?

இப்போது வெப்பமானியில் 0.2 டிகிரி பிழை இருந்தது என்று வையுங்கள். இரண்டாவது அளவு 33.5 இல்லை, 33.7. மற்ற எல்லாம் அப்படியே. விடை 6.6 மணி நேரம். கொலை நடந்தது பிற்பகல் 1 மணி 25 நிமிடம். அப்போது மருமகன் நூறு பேர் பார்க்க அலுவலகத்தில் இருந்தார். வீட்டில் இருந்தவர் பங்காளி. ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2 மணி 45 நிமிடத்தை நகர்த்திவிட்டது!

அதே 0.2 டிகிரி பிழையைப் பாடநூலின் குளிர் அறைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். விடை சுமார் 8 நிமிடம்தான் நகரும். காரணம் எளிது. குளிர் அறையில் வேறுபாடுகள் பெரியவை. அவற்றுக்கு முன் 0.2 ஒன்றுமில்லை. நம் ஊரில் வேறுபாடே மூன்று டிகிரிதான். இரு அளவுகளுக்கு இடையிலான வீழ்ச்சி அரை டிகிரி, அதில் 0.2 என்பது பெரும் பங்கு. மே மாதத்தில் தகரக் கூரை அறை 37 டிகிரியைத் தொட்டுவிட்டால் உடல் குளிரவே குளிராது, முறையே செயலற்றுப் போகும். விதி எங்கும் ஒன்றுதான். அதை வைத்து எவ்வளவு சொல்ல முடியும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. இதை மாணவர் தம் கையால் கணக்கிட்டு உணர்ந்துவிட்டால், வகுப்பில் அதற்கு ஈடான வெற்றி வேறில்லை.

அறிவியல் விளக்கத்தைக் கதையில் எங்கே வைப்பது?

முடிவுக்கு முன்னால், கண்டிப்பாக. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929இல் அவர் அத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிபவர் தாம் காணும் தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. கதையின் முடிவில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் எந்தக் கருவியும் வரக்கூடாது என்பது இன்னொன்று. இயற்பியல் ஆசிரியர்களுக்கு இந்த இரண்டாவது விதி இடிபோல விழும். நாம் இயல்பாகச் செய்ய நினைப்பதே அதைத்தானே: கடைசிப் பக்கத்தில் துப்பறிபவர் எழுந்து நின்று ஒரு பக்கம் பாடம் நடத்துவார்!

அப்படி எழுதினால் கதையும் கெடும், பாடமும் கெடும். விதியை வாசகர் முன்பே அறிந்திருக்க வேண்டும். வகுப்பில் அது எளிது: பாடத்தை முதலில் நடத்திவிடுங்கள், கதையைப் பிறகு கொடுங்கள். தேவையான எண்கள் எல்லாம் கதைக்குள் சிதறிக் கிடக்கட்டும். தேவையற்ற எண்களும் நாலைந்து இருக்கட்டும். துப்பறிபவர் வாயைத் திறப்பதற்கு முந்தைய வரியில் கதையை நிறுத்துங்கள். மாணவர்கள் கணக்கிட்டுப் பெயரைச் சொன்ன பிறகுதான் கடைசிப் பக்கம் கைக்கு வர வேண்டும். அந்தப் பக்கத்தில் புதிய தகவல் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொலைக்கதை வேண்டாமே?

வேண்டவே வேண்டாம். திருட்டும் கலப்படமும் இருக்கின்றன. அடர்த்திப் பாடத்துக்குப் பால் கலப்படத்தைவிடச் சிறந்த கதை எனக்குத் தெரியாது.

ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும், பால்மானி ஆழமாக இறங்கும். ஒருவருடைய பாலில் பால்மானி நிறையவே இறங்கிவிட்டது. எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். ஆனால் அவர் கறந்த சூட்டோடு நேராகச் சங்கத்துக்குக் கொண்டுவந்தவர். சூடான பாலின் அடர்த்தி குறைவு. பால்மானியோ குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது. பால் ஆறியதும் பால்மானி மேலே எழும்புகிறது. அவர் நிரபராதி.

உண்மையான கள்ளர் வரிசையில் அமைதியாக நிற்கிறார். அவருடைய பாலில் பால்மானி மிகச் சரியான அளவைக் காட்டுகிறது. அவர் செய்த தந்திரம் இதுதான்: முதலில் பாலாடையை எடுத்துவிட்டார். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அது போனதும் மிஞ்சிய பாலின் அடர்த்தி கூடிவிட்டது. பிறகு, கூடிய அளவுக்குச் சரியாகத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு குற்றங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. பால்மானியால் மட்டும் இவரைப் பிடிக்க முடியாது. கொழுப்புச் சோதனையும் வேண்டும். இது கற்பனைத் தந்திரம் இல்லை. இந்தக் காரணத்தால்தான் பால்மானி அளவை மட்டும் நம்பாமல் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இந்தக் கதை முழுவதும் புரியும்.

எறிபொருள் இயக்கத்துக்குக் கதை உண்டா?

உண்டு, ஆனால் கவனமாக எழுத வேண்டும். மொட்டைமாடி 10 மீட்டர் உயரம். நகைப்பெட்டி சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளித் தோட்டத்தில் கிடக்கிறது. "கைதவறி விழுந்துவிட்டது" என்கிறார் சித்தப்பா. விழ ஆகும் நேரம் 1.43 விநாடி. அந்த நேரத்தில் 6 மீட்டர் போக, கிடைமட்ட வேகம் விநாடிக்கு 4.2 மீட்டர் வேண்டும். கைதவறிய பொருளுக்கு அந்த வேகம் கிடைக்காது, யாரோ எறிந்திருக்கிறார்கள். நன்றாக யோசிக்கும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: பெட்டி விழுந்த இடமும் கிடந்த இடமும் ஒன்றா? உருண்டிருந்தால்? மண்ணில் பள்ளம் எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு உண்மை வழக்கு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1995இல் கடலோரச் செங்குத்துப் பாறையின் அடியில் ஓர் இளம்பெண் இறந்து கிடந்தார். தாமாக விழுந்திருந்தால் பாறையிலிருந்து அவ்வளவு தூரத்தில் கிடந்திருக்க முடியாது, யாரோ தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று ஓர் இயற்பியலாளர் சோதனைகள் செய்து சாட்சி சொன்னார். 2008இல் அவருடைய ஆண் நண்பர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உடல் துல்லியமாக எங்கே கிடந்தது என்பதே உறுதிப்படவில்லை. சோதனைகளை வைத்து எட்டிய முடிவையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. எறிபொருள் சமன்பாட்டில் பிழை இல்லை. அதில் இட்ட தூரம்தான் ஐயத்துக்குரியது. பதினோராம் வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லாமல் எறிபொருள் கதையை முடிக்காதீர்கள். இறந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரிய மரியாதையோடு சொல்லுங்கள்.

ஒளியியலுக்கு என்ன செய்யலாம்?

கையில் ஒரு புட்டி கிளிசரின் இருந்தால் போதும். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். ஆய்வகத்தில் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் கிளிசரினுடையதும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 1.47. கிளிசரினுக்குள் போட்டால் அந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோனதுபோல் ஆகிவிடும். சன்னல் கண்ணாடிக்குச் சுமார் 1.52, அது தெரிந்துகொண்டே இருக்கும். சந்தேக நபரின் சட்டைமடிப்பில் கிடைத்த துண்டு உடைந்த சன்னலிலிருந்து வந்ததா, ஆய்வகக் குடுவையிலிருந்து வந்ததா என்று வகுப்பிலேயே செய்து காட்டலாம். தடயவியலில் கண்ணாடித் துண்டுகளை ஒப்பிடும் முறைக்கும் அடிப்படை இதுவே. அங்கே துண்டை எண்ணெயில் போட்டு, எண்ணெயின் வெப்பநிலையை மெல்ல மாற்றி, துண்டு மறையும் புள்ளியைத் தேடுகிறார்கள். கூரிய துண்டுகளை மாணவர் கையில் கொடுக்காதீர்கள். இடுக்கியும் விளிம்பு மழுங்கிய துண்டும் போதும்.

விரிசலிலும் ஒரு கதை இருக்கிறது. ஒரே சன்னலில் இரண்டு கல் பட்டிருந்தால் எது முதலில் பட்டது? இரண்டாவது கல்லின் விரிசல், முன்பே இருக்கும் விரிசலைச் சந்தித்ததும் அங்கேயே நின்றுவிடும். இதற்கு ஒரு புகைப்படமே போதும்.

சினிமாவில் வரும் துப்பறியும் காட்சிகளைப் பயன்படுத்தலாமா?

பிழை கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம். குண்டு பட்டவர் பத்தடி பின்னால் பறந்து விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 8 கிராம் குண்டு, விநாடிக்கு 360 மீட்டர் வேகம், 72 கிலோ மனிதர். உந்தம் மாறாவிதிப்படி அவருக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர். எறும்பும் அதைவிட அதிகம் பின்தங்காது. ஐந்து நிமிட வேலை.

எனக்குக் கதை எழுத வராது. என்ன செய்வது?

பாத்திரங்களையும் வருணனைகளையும் விட்டுவிடுங்கள். ஒரு சூத்திரத்தை எடுத்து, அதில் எந்த அளவை மறைத்தால் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்வது வெளிப்படும் என்று மட்டும் யோசியுங்கள். ஒரு பக்கம் போதும். ஒரு சம்பவம், இரண்டு வாக்குமூலம், ஓர் அளவீடு. பிறகு மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிறர் கண்டுபிடிக்கும்படி ஒரு தடயத்தை வைக்க வேண்டுமென்றால், அந்த விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இந்த வேலையில் முன்னால் வருவார்கள்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லையே?

ஒவ்வொரு பாடத்துக்கும் கதை தேவையில்லை. ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். பின்னோக்கிக் கணக்கிட இடம் தரும் பாடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். அணுக்கரு இயற்பியலில் கார்பன் தேதியிடல் பொருந்தும். மின்காந்தத் தூண்டலுக்கு வலிந்து கதை கட்ட வேண்டாம்.

மாணவர் தவறான ஆளைக் குற்றவாளி என்று சொன்னால் மதிப்பெண் குறைக்கலாமா?

பெயருக்கு மதிப்பெண்ணே வேண்டாம். விடைத்தாளில் மூன்றைப் பாருங்கள்: எந்த அளவை எங்கிருந்து எடுத்தார், எதை ஊகித்துக்கொண்டார், அந்த ஊகம் கொஞ்சம் மாறினால் விடை எவ்வளவு நகர்கிறது. நம் 31 டிகிரி அறைக் கதையில் மருமகன்தான் என்று அடித்துச் சொன்னவரைவிட, "இந்த வெப்பமானியை வைத்துக்கொண்டு மருமகனையும் விலக்க முடியாது, பங்காளியையும் விலக்க முடியாது, 0.05 டிகிரி வரை அளக்கும் வெப்பமானி வேண்டும், இல்லாவிட்டால் வேறு தடயம் வேண்டும்" என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண் கொடுங்கள்.